ஏறியாச்சா?

பாய் தன் மோட்டார் சைக்கிளை உதைப்பதற்கு முன் தலையைப் பாதி திருப்பி, "ஏறியாச்சா?" என்று கேட்பார். பின்னால் யாரும் இருக்கமாட்டார்கள். ஒரு மூச்சு நேரம் பொறுத்து, "புடிச்சுக்க" என்று சொல்லிவிட்டுத்தான் உதைப்பார்.

முதல் தடவை அதைக் கேட்டபோது நான் அரியலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்றிருந்தேன். என்னை அழைத்துப்போகத்தான் வந்திருந்தார். நான் கண்ணில் படாததால், வண்டியைத் திருப்பி அந்தப் பக்கம் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பியிருக்கிறார். எனக்கு அது தெரியாது. என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு, கேமரா பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"போட்டோக்கார சாரா? மெதுவா வாங்க சார். எதுக்கு இப்படி ஓடியாறீங்க?"

"நீங்கதானே பாய், ஏறியாச்சான்னு கேட்டீங்க?"

"அது உங்கள இல்ல," என்றார். பிறகு பெட்ரோல் டேங்க் மேலேயே ஏறிவிடுவது போல முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். "நடுவுல கொஞ்சம் எடம் விட்டு உக்காருங்க சார். ஒட்டி உக்கார வேணாம்."

சிலருக்கு மேலே பட்டால் பிடிக்காது, சரி, இவர் அந்த ரகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கேரியர் கம்பி தொடையை அறுக்க, விளிம்பில் தொற்றிக்கொண்டு போனேன். இரண்டு பேர் போகும் வண்டியில் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாகவே வந்தது. ரோட்டில் எதிரே வந்தவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

அவருக்குப் பெயர் உண்டு, எனக்கும் தெரியும். ஆனால் முதலாளியில் இருந்து டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் பாய்தான். இப்போது பெயரைச் சொன்னால் வேறு யாரையோ பற்றி எழுதுவது போல ஆகிவிடும். லப்பைக்குடிக்காட்டுக்காரர். என் வயதுதான் இருக்கும், முப்பத்தைந்தை ஒட்டி. அந்த ஊரில் பாதி வீடுகளில் ஆம்பளைகள் துபாயிலும் சவுதியிலும் இருப்பார்கள். இவரும் துபாயில் கடற்கரை ஓரத்துப் பறக்கும் கிளப் ஒன்றில் சாமான் தூக்கப் போனவர். அங்கேயே பறக்கக் கற்றுக்கொண்டு, மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் அளவுக்கு வந்தவர். நல்ல வேலை. அதை ஏன் விட்டுவிட்டு ஊருக்கு வந்தார் என்பது யாருக்கும் தெரியவில்லை.

நம் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கம் எடுத்து நடத்திய காண்ட்ராக்டர் ஒருவருக்கு அப்போது ஒரு கிறுக்கு பிடித்திருந்தது. எங்கிருந்தோ ஒரு பறக்கும் வண்டியை வாங்கிவந்து லாரி ஷெட்டில் நிறுத்தியிருந்தார். அனுமதி, காகிதம் எல்லாவற்றையும் அவரே அலைந்து வாங்கினார். மூன்று சக்கரம், முன்னும் பின்னுமாக இரண்டு சீட்டு, பின்சீட்டுக்கும் பின்னால் இஞ்சினும் விசிறியும், தலைக்கு மேலே பெரிய துணி இறக்கை. கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது. சுற்றுப்பட்டு ஜனங்கள் அதற்கு 'ரெக்கை ஆட்டோ' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சுரங்கங்களை மேலிருந்து படம் பிடிக்க வேண்டும் என்று பெரம்பலூரில் ஸ்டூடியோ வைத்திருந்த என்னைக் கூப்பிட்டார்கள். அப்படித்தான் நான் அதில் ஏறினேன்.

முதல் நாள் பின்சீட்டில் உட்கார்ந்து, கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடியே பாதி ஃபிலிமை வீணாக்கினேன். இறங்கிய பிறகுதான் மேலே இருந்தபோது எப்படி இருந்தது என்பது உறைத்தது. என் பிழைப்பு முழுக்க ஆள் கூட்டத்தில். கல்யாண மண்டபம், காதுகுத்து, பள்ளிக்கூட குரூப் போட்டோ. வீட்டிலும் அண்ணன் தம்பி குடும்பங்கள் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. குளியலறையில் கூட யாராவது கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். மேலே யாரும் இல்லை. முன்னால் பாய் மட்டும்தான், அவரும் இல்லாவிட்டால் எப்படி இருக்கும்! ஒரே ஒரு தடவை, தனியாக, அந்த வானத்தில் ஒரு சுற்று வந்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. அந்த ஆசை என்னைத் தின்றது. வேறு எதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

"கத்துக் குடுப்பீங்களா பாய்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆடு வாங்க வந்தவர் பார்ப்பது போன்ற பார்வை. "தனியா போறதுக்கா கேக்குறீங்க?"

"ஆமா. தனியா."

"தனியா..." என்று அவரும் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "சரி சார். இன்ஷா அல்லாஹ், அனுப்பி வெக்கிறேன்."

ஒரு தடவை பெரம்பலூரில் இருந்து அரியலூருக்கு அவரும் நானும் பஸ்ஸில் போனோம். முகூர்த்த நாள். மூச்சு விட இடமில்லை. மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரம் பாய், நடைபாதை ஓரம் நான், நடுவில் அவருடைய துண்டு. கண்டக்டர் வந்தார்.

"துண்ட எடுங்க பாய். ஆளுங்க நிக்கிறாங்கல்ல?"

"ஆளு இருக்கு."

"எங்க இருக்கு?"

"இருக்குங்க. டிக்கெட்டு போட்டுக்குங்க," என்று மூன்று டிக்கெட் வாங்கினார். கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாகத் தூரத்து மலையை ரொம்ப அக்கறையாகப் பார்த்தேன். கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணுக்கு என் இடத்தைக் கொடுத்துவிட்டு எழுந்தேன். உட்கார்ந்த அந்தப் பெண், துண்டு கிடந்த பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, சேலையை இழுத்து ஒடுங்கி உட்கார்ந்தாள். பக்கத்தில் அன்னிய ஆண் இருந்தால் எப்படி ஒடுங்குவார்களோ அப்படி. என் சிரிப்பு அங்கேதான் முதலில் கொஞ்சம் குறைந்தது.

பாடம் விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் நடக்கும். வெட்டி முடித்த பெரிய குழி ஒன்றின் ஓரமாக, டிப்பர் லாரிகள் ஓடி ஓடி இறுகிப்போன தடம்தான் எங்கள் ஓடுபாதை. தடம் முடிகிற இடத்தில் குழி. குழிக்கு அடியில் பச்சைத் தண்ணீர்.

கற்கும்போது நான் முன்னால், அவர் பின்னால். அவருடைய முட்டி இரண்டும் என் இடுப்பின் இரு பக்கமும் பட்டுக்கொண்டிருக்கும். எனக்கு முன்னால் குறுக்காக ஒரு கம்பி. அவர் கைக்கும் எட்டும்படி அதோடு இரண்டு நீட்டுக் கம்பிகளைப் பூட்டியிருப்பார். அந்தக் குறுக்குக் கம்பிதான் எல்லாம். அதை நெஞ்சுப் பக்கம் இழுத்தால் மூக்கு தாழ்ந்து வேகம் எடுக்கும். தள்ளினால் மூக்கு நிமிர்ந்து வேகம் குறையும். ரொம்பத் தள்ளினால் இறக்கையில் காற்று நிற்காது, கல் மாதிரி விழ வேண்டியதுதான். இடது பக்கம் திரும்ப வேண்டும் என்றால் கம்பியை வலது பக்கம் தள்ள வேண்டும். நான் ஸ்கூட்டர்காரன். இடது பக்கம் போக இடது பக்கமே ஒடித்து, வானத்தில் வலது பக்கமாகப் போய்க்கொண்டிருப்பேன். கீழே ஓடும்போது காலால் திருப்ப வேண்டும். அங்கேயும் எல்லாம் தலைகீழ்.

"ஸ்கூட்டர் புத்திய ஷெட்டுலயே கழட்டி வெச்சுட்டு வாங்க சார்," என்பார் பாய். "வண்டிய நீங்க திருப்பல. ஒங்க கனத்தத்தான் நகத்துறீங்க. அது கனத்துக்குத்தான் கட்டுப்படும், கைக்கு இல்ல."

இஞ்சின் சத்தத்தில் மேலே பேச்சு கேட்காது. அதனால் தட்டுவார். வலது தோளில் தட்டினால் வலது பக்கம், இடது தோளில் தட்டினால் இடது பக்கம். ஹெல்மெட்டின் உச்சியில் தட்டினால், 'கம்பியை இழு, வேகம் எடு' என்று அர்த்தம். நான் பயந்தால் கம்பியைத் தள்ளிவிடுவேன். தரை நெருங்கி வரும்போது அதை எட்டித் தள்ளத்தான் கை போகும். உள்ளங்கை முழுவதும் பதிய, ஹெல்மெட்டில் பொத்தென்று ஒரு அடி விழும். எத்தனை அடி வாங்கினேன் என்று எனக்கும் என் கழுத்துக்கும்தான் தெரியும்.

ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால் பாய் ஷெட்டுப் பக்கம் திரும்பி, "இங்கேயே இரு. வந்துருவோம்," என்று சொல்லிவிட்டுத்தான் ஏறுவார். அங்கே நாய் ஒன்று படுத்திருக்கும். நாயிடம் சொல்கிறார் என்று வைத்துக்கொண்டேன். பிறகு அந்த நாய் லாரியில் அடிபட்டுச் செத்தது. அதற்குப் பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் தனியாகப் பறக்கும் நாட்கள்தான் இன்னும் விசேஷம். காலியான பின்சீட்டில் பெல்ட்டை மாட்டுவார். அதில் தப்பில்லை, பெல்ட் தொங்கினால் பின்னால் சுழலும் விசிறியில் சிக்கும். யாராக இருந்தாலும் மாட்டத்தான் வேண்டும். ஆனால் சீட்டோடு ஒட்டி இழுத்து இறுக்க வேண்டிய பெல்ட்டை, ஒரு ஆள் இடுப்பு அளவுக்கு விட்டு மாட்டுவார். பிறகு ஏறி உட்கார்ந்து, "ஏறியாச்சா?" என்பார்.

இன்னொன்றையும் கவனித்தேன். இரண்டு பேர் போனால் வண்டி தடத்தில் முக்கால்வாசி ஓடித்தான் தரையை விடும். ஒரு ஆள் என்றால் பாதியிலேயே துள்ளி எழுந்துவிடும் என்று பாடம் சொன்னவரே அவர்தான். ஆனால் அவர் தனியாகப் போகும்போதும் வண்டி முக்கால்வாசி ஓடியது. நான் ஷெட்டு ஓரம் நின்று பார்ப்பேன். எழும் எழும் என்று பார்த்தால் எழாது. குழியை நெருங்கித்தான் எழும். இஞ்சின் பழசு, காற்று சரியில்லை என்று நானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். ஒரு நாள் முதலாளியும் பார்த்துவிட்டு, "என்ன பாய், ஒத்த ஆளா போயிட்டு டபுள்ஸ் மாதிரி தம் கட்டுறீங்க? ராத்திரி பிரியாணி அதிகமா?" என்றார். பாய் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். வீட்டில் மற்றவர்கள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். என் மனைவி மட்டும் இருந்தாள். கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் கூடத்தில் மூன்று இலை போட்டுத் தண்ணீர் தெளித்திருந்தது.

"நாங்க ரெண்டு பேருதானே? எதுக்கு மூணு எலை?" என்றேன்.

அவள் இலைகளைப் பார்த்து அவளே திகைத்தாள். "அட ஆமா. ரெண்டு பேரு செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்தாப்ல இருந்துச்சுங்க. எனக்கு என்னமோ அப்படித் தோணிருச்சு," என்று குனிந்து மூன்றாவது இலையை எடுக்கப் போனாள்.

"எடுக்காதம்மா," என்றார் பாய். "இருக்கட்டும் தங்கச்சி. ஒரு கரண்டி சோறு வெச்சுரு."

அவள் என்னைப் பார்த்தாள். வைத்தாள். குழம்பும் ஊற்றினாள். பாய் தன் இலையைத் தொடாமல் அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்; கண்ணில் தண்ணீர் நின்றது. அந்த மனிதர் மேல் எனக்குப் பாசம் வந்தது அன்றைக்குத்தான். அவரைப் பார்த்துப் பயம் வந்ததும் அன்றைக்குத்தான்.

அதற்கடுத்த வாரம், காற்று அடங்கட்டும் என்று ஷெட்டு நிழலில் காத்திருந்தபோது அவராகவே சொன்னார். குழியில் கிடைத்த கல் ஒன்று அவர் கையில் இருந்தது. சங்கு அப்படியே கல்லாகிப்போன மாதிரி. நம் பக்கத்துக் குழிகளில் அப்படி நிறையக் கிடைக்கும்.

"இங்கல்லாம் ஒரு காலத்துல கடலு இருந்துச்சாம் சார். அங்கேயும் கடலோரம்தான்," என்று ஆரம்பித்தார். "துபாய்ல எங்க ரூம்ல ஒரு பையன் இருந்தான். நம்ம பக்கத்து ஆளுதான், ரெட்டிபாளையத்த ஒட்டி. கிளப்புல வண்டி தொடைப்பான். ஒரு தடவ கூட்டிட்டுப் போ, ஒரு தடவ கூட்டிட்டுப் போன்னு என் உசுர எடுத்துக்கிட்டே இருப்பான். ஒரு நா சாயங்காலம் சரி ஏறுன்னேன். இருட்டுறதுக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டு வரணும்னு எனக்கு அவசரம். ஏறியாச்சான்னு கேக்காம கெளம்பிட்டேன் சார்."

நான் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"ஒரு காலுதான் உள்ள வெச்சிருக்கான். பெல்ட்டு போடல. எப்படியோ தொத்திக்கிட்டு மேல வரைக்கும் வந்துருக்கான். எனக்குச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. திரும்பிப் பாத்தா சீட்டு காலி." கல்லைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "மவுத்தாயிட்டான். பெட்டியும் ஊருக்கு வந்துருச்சு. அவுங்க வூட்ல எல்லாக் காரியமும் முடிச்சுட்டாங்க. ஆனா அவன் இன்னும் எறங்கல சார்."

"பாய்..."

"அதுக்குத்தான் இங்க வந்தேன். அவன் ஊருக்கு மேல பறந்தா, வூட்டப் பாத்துட்டு எறங்கிருவான்னு நெனச்சேன். என்னை வுட்டு எறங்க மாட்டேங்குறான்."

நான் படச்சுருளில் விழுவதை மட்டும் நம்புகிறவன். இருட்டறையில் எத்தனையோ நெகட்டிவ் கழுவியிருக்கிறேன். இல்லாத ஆள் ஒருவர்கூட அதில் தெரிந்ததில்லை. மனசாட்சி உறுத்துகிறது, அதனால் இப்படி ஆகிவிட்டார், ஒரு நல்ல டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன். அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். அவர் கோபப்படவில்லை.

"நாளைக்குக் காத்து நல்லா இருந்தா, உங்கள தனியா அனுப்புறேன் சார்," என்றார்.

எல்லாம் மறந்துவிட்டது எனக்கு. சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அன்று ராத்திரி தூங்கவில்லை.

விடிந்தபோது இலை அசையவில்லை. பாய் நீட்டுக் கம்பிகள் இரண்டையும் கழற்றித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பின்னால் இருந்து இனி யாரும் வண்டியைத் தொட முடியாது. நான் முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினேன். "ஒத்த ஆளு. பாதித் தடத்துலயே துள்ளும். பயந்து தள்ளிறாதீங்க. கம்பிய இழுத்து வெச்சுக்குங்க," என்றார். நூறு தடவை சொன்னதுதான். பிறகு பின்பக்கம் போனார்.

அவர் பெல்ட் மாட்ட எடுத்துக்கொண்ட நேரம் ரொம்ப அதிகம். இஞ்சின் இன்னும் போடவில்லை. அதனால் அவர் குனிந்து முணுமுணுத்தது கேட்டது.

"சாரு நல்லவரு. வூட்டுல தங்கச்சியும் நல்லவ. எலை போட்டா பாரு. பாத்துக்க."

திரும்பிப் பார்க்க ஹெல்மெட் விடவில்லை.

"ஏறியாச்சா?" என்று கேட்டார் பாய். மோட்டார் சைக்கிளில் கேட்பது போல இல்லை. கெஞ்சுவது போல இருந்தது. ஒரு மூச்சு நேரம். பிறகு, "புடிச்சுக்க."

அப்போதே இறங்கியிருக்கலாம். பெல்ட்டைக் கழற்றி, போதும் பாய், என்னால் முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு முன்னால் தடம் காலியாக நீண்டு கிடந்தது, அதற்கு மேலே வானம் அதைவிடக் காலியாக இருந்தது. அந்த ஆசை அவ்வளவு லேசில் விடுமா?

இஞ்சினைப் போட்டு வண்டியை ஓடவிட்டேன். பாதித் தடம் வந்தது. துள்ளவில்லை. கம்பியைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தேன். முன்சக்கரம் கூட நிமிரவில்லை. வண்டி எனக்குப் பழக்கமான அதே கனத்தோடு, பாய் பின்னால் இருக்கும்போது எப்படி ஓடுமோ அப்படியே ஓடியது. குழியின் விளிம்பு வந்துகொண்டிருந்தது. நிறுத்த இனி இடமில்லை. முக்கால்வாசித் தடத்தில், எப்போதும் எழும் அதே இடத்தில் எழுந்தது. பச்சைத் தண்ணீர் காலுக்குக் கீழே ஓடி மறைந்தது.

மேலே போனதும் இடுப்பின் இரண்டு பக்கமும் சூடாக இருந்தது. பழக்க தோஷம், இத்தனை நாள் பாயின் முட்டி பட்ட இடம் என்று சொல்லிக்கொண்டேன். கீழே வெள்ளைக் குழிகளும், சிமெண்டுத் தூசி படிந்த மரங்களும், ரெட்டிபாளையம் ரோட்டில் ஊர்ந்து போகும் லாரிகளும். நான் ஆசைப்பட்ட வானம் அப்படியே இருந்தது. அதில் நான் தனியாக இல்லை என்று என் உடம்புக்குத் தெரிந்துவிட்டது. மனசு மட்டும்தான் இன்னும் வாதாடிக்கொண்டிருந்தது.

இறங்க வந்தபோது குழிக்கு மேலே காற்று தொய்ந்து வண்டி கீழே அமுங்கியது. விளிம்புப் பாறைகள் என் காலை நோக்கி வந்தன. என் கை எப்போதும் செய்கிற தப்பையே செய்தது. கம்பியைத் தள்ளினேன். மூக்கு நிமிர்ந்தது, காற்றின் சத்தம் அடங்கியது, கம்பி கையில் செத்தது போல ஆனது. விழப்போகிறேன் என்று தெரிந்தும் கை இன்னும் தள்ளியது.

ஹெல்மெட்டின் உச்சியில் தட்டு விழுந்தது. டொக், டொக்.

இழுத்தேன். நினைத்து இழுக்கவில்லை, அந்த இடத்தில் தட்டினால் இழுக்கத்தான் என் கைக்குத் தெரியும். மூக்கு தாழ்ந்து, காற்று மறுபடி இரைந்தது. விளிம்பைச் சக்கரம் உரசாத குறையாகத் தாண்டித் தடத்தில் இறங்கி, ஓடி, நின்றேன். இஞ்சினை அணைத்த பிறகும் கை கம்பியை விடவில்லை.

பாய் ஓடிவந்தார். நேராகப் பின்சீட்டுக்குப் போய்ப் பெல்ட்டைப் பார்த்தார். பிறகு என் பக்கம் வந்தார். "தனியா போயிட்டு வந்துட்டீங்க சார்," என்றார்.

"தலையில தட்டுனது யாரு பாய்?"

அவர் என் ஹெல்மெட்டைத் தொட்டுப் பார்த்தார். "எப்படித் தட்டுச்சு?" என்று கேட்டார்.

"நீங்க தட்டுற மாதிரி இல்ல. ஒத்த வெரலு."

பாய் அப்படியே தடத்தில் உட்கார்ந்துவிட்டார். "அப்படித்தான் சார் தட்டுவான்," என்றார். "வண்டிக்கு அடியில வேல பாத்துக்கிட்டு இருந்தா, பின்னால வந்து தலையில ஒத்த வெரலால தட்டித்தான் என்னைக் கூப்புடுவான்."

அன்று சாயங்காலம் அவர் தனியாகப் பறந்தார். பின்பெல்ட்டைச் சீட்டோடு ஒட்டி இழுத்து ஒரே நொடியில் மாட்டினார். எதுவும் கேட்கவில்லை, யாருக்கும் சொல்லவில்லை. பாதித் தடம்கூட ஓடவில்லை. வண்டி துள்ளிக் குதித்து ஏறியது. ஒரு ஆளோடு அது எப்படி எழும் என்பதை நான் அப்போதுதான் பார்த்தேன். மேலே அவர் இறக்கையை இப்படியும் அப்படியும் சாய்த்து, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி ஆட்டம் போட்டார். நான் ஷெட்டு ஓரம் நின்று பார்த்தேன். பக்கத்தில் யாரோ நின்று, கூடவே அண்ணாந்து பார்ப்பது போல இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு அவர்தான் கொண்டுவந்து விட்டார். கேட்காமலே வண்டியை உதைத்தார். நான் பழக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தேன். "ஒட்டியே உக்காருங்க சார்," என்றார் பாய். "இனிமே என்ன?"

பெரம்பலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கூட்டம் ஏறியது. ஆட்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என் பக்கத்து இடத்தில் யாரும் உட்காரவில்லை. கண்டக்டர், "இங்க ஆளு இருக்கா சார்?" என்றார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்த மாதமே பாய் துபாய்க்குத் திரும்பிவிட்டார். முதலாளிக்குக் கிறுக்கு தெளிந்து வண்டியை விற்றுவிட்டார். பாய் ஒரே ஒரு தடவை ஸ்டூடியோவுக்குப் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு தெளிவு. உடம்பு நல்லா இருக்கா, தங்கச்சி நல்லா இருக்கா என்று எல்லாம் விசாரித்தார். வைக்கப்போகும்போது தயங்கி, "அவன் எப்படி இருக்கான் சார்?" என்று கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன். பிறகு அவர் கூப்பிடவில்லை. அவர் மேல் கோபம் இருக்கிறது. கற்றுக்கொடுத்தது என் மேல் உள்ள பிரியத்தாலா, இறக்கி வைக்க ஒரு தோள் தேடியதாலா என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்திருக்கிறது. இரண்டுமே இருக்கலாம். அந்த மனிதரைப் பார்க்க வேண்டும் போலவும் இருக்கிறது. அதை நினைத்தால்தான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

பஞ்சர் கடைக்காரர் ஒரு நாள் என் ஸ்கூட்டரின் பின் டயரைத் தடவிப் பார்த்து, "எப்பவும் டபுள்ஸ்தான் போவீங்களா சார்? இப்படித் தேஞ்சு கெடக்கு?" என்றார். நான் தனியாகத்தான் ஓட்டுகிறேன். வீட்டில் என் மனைவி இப்போது சோறு வைக்கும்போது கணக்குக் கேட்பதில்லை. நானும் இலையை எண்ணுவதில்லை.

ஒரு காலையில் முடிவு கட்டிவிடுவது என்று ஹெல்மெட்டை மாட்டி, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ரெட்டிபாளையம் வரை போனேன். ஊர் எல்லையில், ஒரு வேப்ப மரத்தடியில் நிறுத்தினேன். எதிரே சிமெண்டுத் தூசி போர்த்திய கூரைகள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்தாள்.

"ஊரு வந்துருச்சுப்பா," என்றேன் பின்பக்கம் திரும்பாமல். "உங்க வூடு இங்கதான். எறங்கிக்க."

காத்திருந்தேன். லாரிகள் போயின. தூசி அடங்கியது. பிறகு எதுவும் கேட்காமல், சட்டென்று உதைத்துக் கிளம்பினேன்.

கொஞ்ச தூரம்தான். அதற்கு மேல் முடியவில்லை. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று ஒருவன் தொற்றிக்கொண்டு வருவது கண்ணுக்குள் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் சீட்டு காலியாக இருக்குமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பிரேக்கை மிதித்தேன். தலையைப் பாதி திருப்பினேன்.

"ஏறியாச்சா?"

ஒரு மூச்சு நேரம். பின்சக்கரம் மெல்ல அமுங்கியது. பிறகு ஹெல்மெட்டின் உச்சியில், ஒற்றை விரலால், ஒரே ஒரு தட்டு.

"புடிச்சுக்க," என்றேன்.